விட்டுவைத்த ஓடு

ஆற்று வாய் தூர்ந்தால் என்ன ஆகும் என்று கத்திவாக்கத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். கொசஸ்தலை ஆறு கடலைத் தொடும் எண்ணூர் முகத்துவாரத்தில் மணல் ஏறினால் கழிமுகம் தேங்கிவிடும். தூர் வாரினால்தான் இறால் உள்ளே வரும். நாள்பட்ட கணைய அழற்சியும் ஏறக்குறைய இப்படித்தான். நடுக்குழாயில் சுண்ணாம்புக் கற்கள் சேர்ந்து, சாறு சிறுகுடலுக்குப் போக வழியின்றி, குழாய் பின்னோக்கி வீங்குகிறது. வலி முதுகுவரை பாயும். முழங்காலைக் கட்டிக்கொண்டு குனிந்து உட்கார்ந்தால் சற்றே தணியும்.

எக்ஸ்ரே படத்திலேயே ஒரு நயம் உண்டு. குடியால் வந்த நோயில் கற்கள் பொடிப்பொடியாகச் சிதறிக் கிடக்கும். குடியே அறியாத இளவயதினருக்கு வரும் வெப்பமண்டல வகையில் (கேரளத்தில் டாக்டர் கீவர்கீஸ் விரிவாக ஆராய்ந்தது இதைத்தான்) பெரிய, கெட்டியான கற்கள் முதுகெலும்பின் இருபுறமும் வெள்ளையாகத் தெரியும்.

வடசென்னையில் இதற்குப் போக்கிடம் ஸ்டான்லி. 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தின் வழி வந்ததால், பழைய ஆட்களுக்கு அது இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி. சாப்பிட்டால் வலிக்குமே என்று சோற்றைக் கண்டே பயப்படுகிறவர்கள் அங்கே போய் நிற்கிறார்கள். ஃப்ரே அறுவைக்குப் பின் யாருக்கு வலி விடுகிறது, யாருக்கு விடவில்லை என்று அங்கிருந்த டாக்டர் சுரேந்திரன் குழு 2008-இல் ஆய்வுக் கட்டுரை எழுதியது.

1987-இல் அமெரிக்காவில் ஃப்ரேயும் ஸ்மித்தும் விவரித்த அந்த அறுவையைத்தான் நான் ரசித்துச் சொல்ல நினைக்கிறேன்.

இரைப்பையை மேலே தூக்கினால் கணையம் தெரியும். கல்லாய் இறுகிய அதன் மேல் விரலை ஓட்டினால் ஓரிடத்தில் மட்டும் மெத்தென்று அமுங்கும். அடியில் இருப்பது வீங்கிய குழாய். ஊசி குத்தி இழுத்தால் தெளிந்த சாறு ஏறும். அந்த ஊசியையே வழிகாட்டியாக வைத்துக் குழாயை நெடுகத் திறக்கிறார்கள். அகன்றும் குறுகியும் ஏரிச்சங்கிலிபோல் போகும் அதிலிருந்து கற்களை ஒவ்வொன்றாக எடுக்கிறார்கள்.

அருமையான கட்டம் இதற்குப் பிறகுதான். கணையத்தின் தலைப்பகுதியைக் குடைந்தெடுக்க வேண்டும். ஆனால் பின்னால் பெரிய ரத்தக்குழாய்கள், ஓரத்தில் முன்சிறுகுடல். அதனால் இடது கை விரல்கள் தலைக்குப் பின்னால் போய்த் தாங்கிக்கொள்ள, வலது கை முன்னாலிருந்து சீவுகிறது. இன்னும் எவ்வளவு தடிப்பு மிச்சம் என்பதை இடது கைதான் சொல்கிறது. சுமார் அரை சென்டிமீட்டர் ஓடு மிஞ்சும்போது நிறுத்திவிட வேண்டும். விப்பிள் அறுவையில் தலையோடு முன்சிறுகுடலும் பித்தநாளத்தின் அடிப்பகுதியும் போய்விடும். இங்கே அவை அப்படியே இருக்கின்றன. வெட்டத் தெரிந்த கை நிறுத்தவும் தெரிந்திருப்பதுதான் இதில் என்னை மயக்குவது. கடைசியில் சிறுகுடலில் ஒரு வளையத்தை மேலே கொண்டுவந்து, திறந்த குழாயின் விளிம்போடு சுற்றிலும் தைத்துவிட்டால் சாறு நேரே குடலுக்குள் வடியும்.

கெட்டுப்போன திசு இதனால் மீளாது. சர்க்கரை வந்தவருக்கு இன்சுலின் தொடரும். குடிப்பவர் குடியை விட்டாக வேண்டும். நொதி மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னுமின்றி, சோற்றுக் கவளங்களுக்கு நடுவில் விழுங்க வேண்டும். சோறும் நொதியும் ஒன்றாகக் குடலுக்குப் போனால்தான் செரிக்கும். எண்ணெய் படர்ந்து மிதந்த மலம் மாறி எடை கூடத் தொடங்கினால், மாத்திரை வேலை செய்கிறதென்று வைத்துக்கொள்ளலாம்.