பச்சைப் பொத்தானுக்குப் பின்னால்

மைன்கிராஃப்ட் ஆடுகிறவர்கள் ஆட்டத்துக்கு முன்னால் தொடுவது லாஞ்சரின் பச்சைப் பொத்தானைத்தான். அதற்குப் பின்னால் நடக்கும் வேலை தனி அழகு.

முதலில் சர்வரிலிருந்து ஒரு பட்டியல் வருகிறது: எந்தப் பதிப்புக்கு எந்தெந்தக் கோப்பு, என்ன அளவு என்று. ஒவ்வொரு கோப்புக்கும் கைரேகை மாதிரி, எஸ்ஹெச்ஏ-1 முறையில் கணக்கிட்ட 40 எழுத்துகள். கணினியில் இருக்கும் கோப்போடு அது ஒத்துப்போனால் சரி. பிசகினால் அந்தக் கோப்பு மட்டும் மறுபடி இறங்கும். ஒலிக் கோப்புகளுக்குப் பெயரே அந்த 40 எழுத்துகள்தான். முதல் இரண்டு எழுத்து ஃபோல்டரின் பெயர். அதனால் எத்தனை பதிப்புகள் வைத்திருந்தாலும், மாறாத ஒலிக்கு ஒரே பிரதிதான்.

கோப்புகளோடு, ஆட்டத்தை ஓட்ட ஜாவாவும் வேண்டும். 2021-இல் வந்த 1.18 பதிப்புக்கு ஜாவா 17. பழைய பதிப்புகளுக்கு ஜாவா 8. தோதானதை லாஞ்சரே கொண்டுவந்து, நீளமான கட்டளை வரியொன்றைக் கோத்து, ஆட்டத்தைக் கிளப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது, புதுசு வந்ததும் பழசைத் தூக்கி எறியாத அதன் குணம். ஒரு டிக் போட்டால் 2010-இன் ஆல்ஃபா பதிப்பையும் இன்று ஆடலாம். அப்டேட் என்றாலே பழையது போய்விடும் என்று பழகிய நமக்கு, இது பெரிய மரியாதை.