கிங் ஆலிவரின் கிரியோல் ஜாஸ் பேண்ட்: ஏழு கலைஞர்களின் இசைப் பின்னணி

கிங் ஆலிவரின் கிரியோல் ஜாஸ் பேண்ட், 1922 முதல் 1924 வரை அமெரிக்காவின் சிகாகோ நகரில் இயங்கிய ஆப்பிரிக்க அமெரிக்க இசைக்குழு. 31-ஆம் தெருவில் இருந்த லிங்கன் கார்டன்ஸ் நடன அரங்கில் வாசித்து வந்தது. 1923-இல் இக்குழு வெளியிட்ட இசைத்தட்டுகள் மரபு ஜாஸின் அடிப்படைச் சான்றுகளாகக் கருதப்படுகின்றன. இக்குழுவின் கூட்டு மனோதர்மம், பயிற்சியற்ற மனிதர்களின் இயல்பான உணர்ச்சிப் பெருக்கு என்று நீண்ட காலம் புகழப்பட்டது. உறுப்பினர்கள் எங்கே, யாரிடம், எப்படிக் கற்றார்கள் என்று பார்த்தால் அந்தப் புகழுரை நிற்பதில்லை. ஏழு வகையான இசைக்கல்விகள் ஒன்றுக்கொன்று இடம் கொடுத்ததன் விளைவே இக்குழுவின் ஒலி.

உறுப்பினர்கள்

1923 ஏப்ரலில் முதல் ஒலிப்பதிவில் வாசித்தவர்கள்:

ஜோ ‘கிங்’ ஆலிவர் – கார்னெட், குழுத் தலைவர்
லூயி ஆம்ஸ்ட்ராங் – இரண்டாம் கார்னெட்
ஜானி டாட்ஸ் – கிளாரினெட்
ஹோனரே டூட்ரே – டிராம்போன்
லில் ஹார்டின் – பியானோ
பில் ஜான்சன் – பான்ஜோ (அரங்கில் டபுள் பேஸ்)
பேபி டாட்ஸ் – டிரம்ஸ்

கார்னெட்டுகள் மெட்டைத் தாங்கும். கிளாரினெட் அதற்கு மேலே பின்னிச் செல்லும். டிராம்போன் கீழ் ஸ்தாயியில் மெட்டுக்கு மறுமொழி சொல்லும். மற்ற மூன்று கருவிகளும் தாளத்தையும் சுர அடுக்கையும் பார்த்துக்கொள்ளும். பெரும்பாலான நேரம் எல்லோரும் ஒன்றாகவே வாசிப்பார்கள். தனி வாசிப்பு மிகக் குறைவு.

வழக்கமான விளக்கம்

ஜாஸ் வரலாற்று நூல்கள் பொதுவாக ஒரு எளிய கதையைச் சொல்லும். நியூ ஆர்லியன்ஸ் நகரைக் கேனல் தெரு இரண்டாகப் பிரித்தது. ஒரு பக்கம் பிரெஞ்சு, ஸ்பானிய, ஆப்பிரிக்கக் கலப்பில் வந்த கிரியோல் மக்கள். இவர்கள் ஐரோப்பிய முறையில் இசைக்குறிப்பைப் படித்து வாசிக்கக் கற்றவர்கள். மறுபக்கம் தோட்டப் பண்ணைகளிலிருந்து நகருக்கு வந்த கறுப்பின மக்கள். இவர்கள் கேள்வி ஞானத்தால் புளூஸ் வாசித்தவர்கள். இனப் பாகுபாட்டுச் சட்டங்கள் இரு தரப்பையும் ஒரே வரிசையில் நிறுத்தியதும் இரண்டும் கலந்து ஜாஸ் பிறந்தது.

இக்கதையில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் மரபு ஜாஸின் சிறந்த குழு எனப்படும் இந்தக் குழுவுக்கு அது பொருந்தவில்லை. ‘கிரியோல்’ என்பது குழுவின் பெயரில் இருந்தாலும் ஆலிவர், ஆம்ஸ்ட்ராங், டாட்ஸ் சகோதரர்கள், ஹார்டின் ஆகிய ஐவரும் கிரியோல் சமூகத்தினர் அல்லர். ஹார்டின் நியூ ஆர்லியன்ஸ்காரரே அல்ல, மெம்ஃபிஸ் நகரத்தவர். மேலும், படித்து வாசிப்பவர், கேட்டு வாசிப்பவர் என்ற பிரிவு இங்கே ஆட்களுக்கு இடையில் ஓடவில்லை. ஒவ்வொருவருக்குள்ளேயும் ஓடியது.

பித்தளை வாத்தியக் குழுக்களின் பள்ளி

ஆலிவர் லூசியானாவில் பிறந்து நியூ ஆர்லியன்ஸில் வளர்ந்தவர். வீட்டு வேலைக்காரராக இருந்துகொண்டே பித்தளை வாத்தியக் குழுக்களில் வாசித்தார். புகழ்பெற்ற ஆன்வர்டு பித்தளைக் குழு அவற்றில் ஒன்று. இக்குழுக்கள் இறுதி ஊர்வலங்களிலும் சங்கங்களின் ஊர்வலங்களிலும் நடந்துகொண்டே வாசித்தவை. தெருவில் வாசிக்கும் முதல் கார்னெட்காரர் மெட்டை விட்டு அதிக தூரம் போக முடியாது. அவரை நம்பித்தான் மற்றவர்கள் நடக்கிறார்கள். 1923 இசைத்தட்டுகளில் ஆலிவர் மெட்டைச் சிறு சிறு மாற்றங்களோடு உறுதியாகப் பிடித்திருப்பதில் இந்தப் பயிற்சியைக் கேட்கலாம்.

அவருடைய இன்னொரு திறமை, கார்னெட்டின் வாயை மூடியும் திறந்தும் மனிதக் குரல் போன்ற ஒலியை எழுப்புவது. ‘டிப்பர்மவுத் புளூஸ்’ இசைத்தட்டில் உள்ள அவருடைய தனி வாசிப்பைப் பின்வந்த கார்னெட், டிரம்பெட் கலைஞர்கள் பாடம் போல மனனம் செய்தார்கள். சிகாகோவில் ஆலிவரைக் கேட்ட பபர் மைலி, அந்த முறையை டியூக் எலிங்டனின் குழுவுக்குக் கொண்டுசென்றார்.

ஆம்ஸ்ட்ராங்கின் கல்வியும் பித்தளைக் குழுவில்தான் தொடங்கியது, ஆனால் வேறு விதமாக. சிறுவயதில் தெருவில் நண்பர்களோடு நால்வர் குழுவாகப் பாடிக் காசு சேர்த்தவர் அவர். புத்தாண்டுக்கு முந்தைய இரவில் துப்பாக்கியால் வானை நோக்கிச் சுட்டதற்காகக் கைதாகி, 1913-இல் கறுப்பினச் சிறுவர்களுக்கான சீர்திருத்த இல்லத்துக்கு அனுப்பப்பட்டார். அங்கே பீட்டர் டேவிஸ் என்ற ஆசிரியர் அவருக்கு முதலில் தம்புரின், பிறகு ஆல்டோ ஹார்ன், பியூகிள், இறுதியாகக் கார்னெட் என்று படிப்படியாகக் கொடுத்தார். பின்னர் ஆலிவரே அவருக்கு வழிகாட்டியானார். ஆலிவர் சிகாகோவுக்குப் போனபோது, கிட் ஓரியின் குழுவில் அவர் விட்டுச்சென்ற இடம் ஆம்ஸ்ட்ராங்குக்குக் கிடைத்தது.

படகில் ஒரு பள்ளிக்கூடம்

மிசிசிப்பி ஆற்றில் ஸ்ட்ரெக்ஃபஸ் நிறுவனத்தின் உல்லாசப் படகுகளில் ஃபேட் மேரபிள் என்ற பியானோ கலைஞர் இசைக்குழு நடத்தினார். அங்கே இசைக்குறிப்பைப் படிக்கத் தெரிந்தாக வேண்டும். இசைக்கலைஞர்களிடையே அந்தப் படகு வேலைக்கு இசைக்கல்லூரி என்றே பெயர். ஆம்ஸ்ட்ராங்கும் பேபி டாட்ஸும் அங்கே சேர்ந்து வாசித்தவர்கள். குறிப்பைத் தடுமாறாமல் படிக்க ஆம்ஸ்ட்ராங்குக்குச் சொல்லிக்கொடுத்தவர் அதே குழுவைச் சேர்ந்த டேவிட் ஜோன்ஸ். 1922 ஆகஸ்டில் ஆலிவரின் தந்தியைப் பெற்று சிகாகோவில் இறங்கிய ஆம்ஸ்ட்ராங், தெருவின் பிள்ளை மட்டுமல்ல. சீர்திருத்த இல்லம், ஓரியின் குழு, படகு என மூன்று பள்ளிகளைக் கடந்து வந்தவர்.

பேபி டாட்ஸின் முதல் டிரம் ஒரு தகர டப்பா. அதில் துளையிட்டு, நாற்காலிக் கால்களின் குறுக்குச் சட்டங்களைக் குச்சிகளாகச் செதுக்கி வாசித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். இந்தச் சம்பவத்தை மேற்கோள் காட்டுபவர்கள், அதன் பிறகு அவர் வேலைக்குப் போய்க் காசு சேர்த்து முறையான டிரம் வாங்கியதையும், ஆசிரியர்களிடம் பாடம் கேட்டுக் குறிப்புப் படிக்கக் கற்றதையும் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். குழுவில் ஒவ்வொரு கருவிக்கும் தன் வாசிப்பை மாற்றிக்கொள்வதே அவருடைய கொள்கை. ஒரு பக்கவாத்தியக்காரர் பாடகருக்குப் பாடகர் தன் வாசிப்பை மாற்றுவது போன்றது இது.

கிளாரினெட்டும் டிராம்போனும்

பேபியின் அண்ணன் ஜானி டாட்ஸின் வாசிப்பில் புளூஸ் அழுத்தம் அதிகம். அதனால் அவரைக் கற்காத கலைஞராகக் காட்டும் வழக்கம் உண்டு. பெரும்பகுதி தானே கற்றவர் என்பது உண்மை. ஆனால் கிரியோல் கிளாரினெட் மரபின் பெரிய ஆசிரியரான லொரென்சோ டியோ ஜூனியரிடமும் அவர் பாடம் கேட்டார். 1923 ஜூனில் ஓகே நிறுவனத்துக்காகப் பதிவான ‘ஹை சொசைட்டி’ இதற்குச் சான்று. அணிவகுப்பு இசையாக எழுதப்பட்ட அந்தப் படைப்பின் பிக்கலோ பகுதியைக் கிளாரினெட்டுக்கு மாற்றி வாசிப்பது நியூ ஆர்லியன்ஸ் கிரியோல் கலைஞர்களின் வழக்கம். ஒவ்வொரு கிளாரினெட்காரருக்கும் அது ஒரு தேர்வு. டாட்ஸ் அதை வாசிக்கிறார். புளூஸ் இசைத்தட்டுகளில் அழும் அதே கிளாரினெட்தான் இதுவும்.

டூட்ரே முதல் உலகப்போரில் கடற்படையில் இருந்தபோது கப்பலில் நடந்த விபத்தில் நுரையீரல் பாதிக்கப்பட்டவர். மூச்சுத் திணறலோடு காற்றுக் கருவி வாசித்தார். அச்சிட்ட இசைக்குறிப்புகளில் செல்லோவுக்கு எழுதப்பட்ட பகுதியை எடுத்து டிராம்போனில் வாசிப்பது அவருடைய பழக்கம் என்று உடன் இருந்தவர்கள் நினைவுகூர்ந்தனர். அக்கால டிராம்போன்காரர்கள் பலர் முரட்டுச் சறுக்கல்களால் இடத்தை நிரப்பினர். டூட்ரே நீண்ட, மென்மையான சுரங்களால் அடித்தளம் போடுகிறார். இரண்டு கார்னெட்டுகள் மோதாமல் இயங்க இடம் கிடைத்ததில் இந்த அடக்கத்துக்குப் பங்கு உண்டு.

லில் ஹார்டின்

குழுவில் முறையான மேற்கத்திய இசைக்கல்வி அதிகம் பெற்றவர் லில் ஹார்டின். சிறுவயதிலிருந்தே பியானோவும் ஆர்கனும் பயின்று, நாஷ்வில் நகரின் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1918-இல் சிகாகோவுக்கு வந்து, ஓர் இசைக் கடையில் விற்பனைக்கு வந்த பாடல் குறிப்புகளை வாடிக்கையாளர்களுக்கு வாசித்துக்காட்டும் வேலையில் சேர்ந்தார். அங்கிருந்து ஒரு நியூ ஆர்லியன்ஸ் குழுவுக்கு வாசிக்கப் போனபோது, இசைக்குறிப்பைக் கேட்டார். குறிப்பே கிடையாது என்றார்கள். எந்தச் சுருதி என்று கேட்டார். இரண்டு தட்டு கேட்டதும் ஆரம்பித்துவிடு என்றார்கள். அவரே பின்னாளில் சொன்ன சம்பவம் இது.

இதைப் படிப்பின் தோல்வியாகச் சிரித்துக்கொண்டே சொல்வது வழக்கம். அவர் அன்றே குழுவோடு இணைந்து வாசித்து வேலையைப் பெற்றார் என்பதுதான் சம்பவத்தின் முக்கியமான பாதி. சுர அடுக்குகளைப் பற்றிய அறிவும் கேட்கும் காதும் சேர்ந்திராவிட்டால் அது நடந்திருக்காது.

விமர்சகர்கள் அவருக்கு இழைத்த அநீதியும் இங்கே தொடங்குகிறது. இசைத்தட்டுகளில் அவர் பெரும்பாலும் நான்கு அடிகளுக்கும் சுர அடுக்கை ஒரே சீராக அழுத்திக்கொண்டிருக்கிறார். அதைக் கேட்டு அவரைச் சாதாரணக் கலைஞர் என்று எழுதினார்கள். நான்கு காற்றுக் கருவிகள் ஒரே நேரத்தில் மனோதர்மத்தில் இறங்கும் குழுவில், அசையாத ஒருவர் தேவை. அவருடைய அலங்காரம் தெரிவது ‘சைம்ஸ் புளூஸ்’ போன்ற ஓரிரு இடங்களில்தான். அதில் மணியோசை போன்ற சுர அடுக்குகளை வாசிக்கிறார். குழுவின் பாடல்களைக் காப்புரிமைக்காகக் குறிப்பாக எழுதும் வேலையிலும் அவர் கை இருந்தது. 1925-இல் தொடங்கிய ஆம்ஸ்ட்ராங்கின் ‘ஹாட் ஃபைவ்’ குழுவிலும் அவர் பியானோ வாசித்தார், பாடல்களும் இயற்றினார். அவருடைய கல்வி எங்கே பயன்பட்டது என்பதற்கு இவையே பதில்.

மேடை அனுபவம்

பில் ஜான்சன் குழுவில் மூத்தவர். ஆலிவருக்கு முன்பே நியூ ஆர்லியன்ஸ் இசையை வெளியூர்களுக்குக் கொண்டுசென்றவர். அவர் அமைத்த ‘கிரியோல் பேண்ட்’ 1914 முதல் 1918 வரை வாடவில் எனப்படும் பல்சுவை மேடை நிகழ்ச்சிகளில் அமெரிக்கா முழுவதும் சுற்றியது. டபுள் பேஸைப் பெரும்பாலும் வில்லால் வாசித்த காலத்தில் விரலால் மீட்டித் தாளம் கொடுத்த முன்னோடிகளில் அவரும் ஒருவர். ‘டிப்பர்மவுத் புளூஸ்’ இசைத்தட்டில், இசை நின்ற ஓர் இடைவெளியில் உற்சாகமாகக் கத்துவது அவர் குரல்தான். பேபி டாட்ஸ் வாசிக்க வேண்டியதை மறந்ததால் அந்த இடம் காலியாக இருந்தது. மேடைக்காரருக்கு அதை எப்படி நிரப்புவது என்று தெரிந்திருந்தது.

ஒலிப்பதிவின் எல்லை

உறுப்பினர்களின் பின்னணியை இசைத்தட்டில் தேடும்போது ஓர் எச்சரிக்கை தேவை. 1923 ஏப்ரல் 5, 6 தேதிகளில் இண்டியானா மாநிலம் ரிச்மண்டில் ஜெனட் நிறுவனத்தின் கூடத்தில் பதிவு நடந்தது. மைக்ரோஃபோன் இல்லாத காலம். ஒரு பெரிய ஊதுகுழல் வழியாக வந்த ஒலியே மெழுகுத் தட்டில் ஊசியால் கீறப்பட்டது. பெரிய டிரம்மின் அதிர்வு ஊசியைத் துள்ள வைக்கும் என்பதால் பேபி டாட்ஸ் பெரும்பாலும் மரக்கட்டைகளைத் தட்டினார். ஜான்சன் பேஸை விட்டுப் பான்ஜோ எடுத்தார். ஆம்ஸ்ட்ராங்கின் ஒலி மற்றவர்களை மூடியதால் அவரைத் தள்ளி நிற்க வைத்ததாக ஹார்டின் கூறியிருக்கிறார்.

1940-களில் மரபு ஜாஸை மீட்டெடுத்த இளைஞர்களுக்கு, குறிப்பாக சான் பிரான்சிஸ்கோவில் லூ வாட்டர்ஸ் நடத்திய யெர்பா புவேனா குழுவுக்கு, இந்த இசைத்தட்டுகள் பாடப்புத்தகமாயின. இரட்டைக் கார்னெட் அமைப்பை அவர்கள் இரண்டு டிரம்பெட்டுகளால் அன்போடு பின்பற்றினார்கள். அவர்களுடைய இசைப் பின்னணியில் இந்த இசைத்தட்டுகளுக்குப் பெரிய இடம் உண்டு. ஆலிவரின் குழுவுக்கோ தெரு, படகு, கோயில் ஆர்கன், மேடை ஆகியவை பின்னணி. ஆகவே பின்வந்தவர்கள் நேரில் கேட்க முடியாத பேஸும் பெரிய டிரம்மும் அவர்களுடைய பாடத்தில் மங்கலாகவே இருந்தன.

மதிப்பீடு

இரட்டைக் கார்னெட் இடைவெளிகள் இக்குழுவின் புகழ்பெற்ற அம்சம். மற்றவர்கள் நிறுத்த, ஆலிவரும் ஆம்ஸ்ட்ராங்கும் ஒரே நேரத்தில் பிசிறில்லாமல் இரண்டு குரலில் ஒரு சொற்றொடரை வாசிப்பார்கள். ‘ஸ்நேக் ராக்’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கேட்டவர்கள் மாயம் என்றார்கள். வாசிக்கப்போவதை ஆலிவர் சில அளவுகளுக்கு முன்பே விரல் அசைவால் உணர்த்திவிடுவார் என்று ஆம்ஸ்ட்ராங் விளக்கியிருக்கிறார். அதைக் கண்ணால் பிடித்து, அதற்கு இணையான கீழ்க்குரலை நொடியில் அமைக்கத் தெருவில் நால்வர் குழுவில் பாடிய காதும் வேண்டும், படகில் கற்ற படிப்பும் வேண்டும்.

இக்கலைஞர்களைப் பயிற்சியற்ற இயல்பு மேதைகள் என்று சொல்வது பாராட்டுப் போலத் தோன்றும். உண்மையில் அது கறுப்பினக் கலைஞர்களின் உழைப்பையும் அவர்களுடைய ஆசிரியர்களையும் மறைத்தது. அதே வேளையில், பின்னணியே இசையை விளக்கிவிடும் என்பதும் தவறு. படகில் ஆம்ஸ்ட்ராங்கோடு வாசித்தவர்கள் எல்லோரும் ஆம்ஸ்ட்ராங் ஆகவில்லை.

குழு நீண்ட நாள் நிலைக்கவில்லை. பணப் பங்கீடு பற்றிய சச்சரவில் டாட்ஸ் சகோதரர்கள் உள்ளிட்டோர் விலகினர். 1924-இல் ஆம்ஸ்ட்ராங்கும் வெளியேறினார். ஆலிவர் 1938-இல் ஜார்ஜியா மாநிலம் சவானாவில் வறுமையில் இறந்தார். நாற்பதுக்குச் சற்றுக் குறைவான 1923-ஆம் ஆண்டுப் பதிவுகள் இன்றும் கிடைக்கின்றன. அவற்றை முதலில் மொத்த ஒலியாகவும், பிறகு ஒரு முறைக்கு ஒரு கருவி என்று தனித்தனியாகவும் கேட்கும் மாணவர், ஒவ்வொரு கலைஞரும் கற்றதில் எதைப் பயன்படுத்தினார், மற்றவருக்காக எதை அடக்கிக்கொண்டார் என்பதைத் தானே கண்டுகொள்ளலாம்.