ஜெபமும் மனுவும்: பாறசாலை எல்லைக் கிராமங்களில் கிறிஸ்தவ நம்பிக்கையின் தடங்கள்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் ரயில் பாதையில் கேரளத்தின் கடைசி நிலையம் பாறசாலை. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம் உள்ளிட்ட நான்கு தென் வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. தமிழர் கேட்டும் நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. கோடு விழுந்தாலும் பெண் கொடுப்பதும் எடுப்பதும், இரு மொழி கலந்த பேச்சும் பழையபடியே தொடர்கின்றன. லண்டன் மிஷனரி சங்கத்தின் (எல்.எம்.எஸ்.) வழிவந்த சபைகள் தென்னிந்தியத் திருச்சபையில் ஒரே பேராயமாக 1959 வரை இருந்தன. தமிழ்நாட்டுக் கடற்கரையிலுள்ள தூத்தூர் வட்டாரப் பங்குகளோ இன்றும் திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. எனவே இப்பகுதியின் கிறிஸ்தவ வாழ்வை ஆராய்பவர் எல்லையின் இரு பக்கமும் நின்று பார்த்தாக வேண்டும்.

மனம் ஒடிந்த காலங்களில் இந்த விசுவாசம் இம்மக்களுக்கு என்ன தந்தது? இதற்கு இரண்டு வகை விடைகள் ஏற்கெனவே உண்டு. பாறசாலையில் பணிபுரிந்த ஜான் ஆப்ஸ் தம் இருபத்திரண்டு ஆண்டு அனுபவங்களை 1870இல் நூலாக்கினார்; சாமுவேல் மெட்டீரின் நூல்களும் அதே காலத்தவை. மிஷனரிகளான இவர்களுக்கு அது ஆத்தும மீட்பின் கதை. நூறாண்டு கழித்து எழுதிய ராபர்ட் ஹார்ட்கிரேவ் (1969), ராபின் ஜெஃப்ரி (1976), டிக் கூய்மன் (1989) முதலானோருக்கு அது சாதிகளின் எழுச்சியும் சமூக மாற்றமும். முன்னவர்கள் ஜெபத்தைப் பார்த்தார்கள். பின்னவர்கள் மனுவைப் பார்த்தார்கள். இவ்விரண்டையும் ஒரே மனிதர்களே செய்தார்கள் என்பதுதான் இக்கட்டுரை அழுத்த விரும்புவது.

தொடக்கம் ஒரு துயரக் கதையில் இருக்கிறது. மார்த்தாண்டம் அருகே நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்டபிள்ளை திருவிதாங்கூர் அரசில் பணியாற்றியவர். பயிரும் கால்நடையும் அழிந்து நொந்திருந்த அவருக்கு, குளச்சல் போரில் சிறைப்பட்டுப் பின் அரசரின் படைத்தலைவரான டச்சுக் கம்பெனி அதிகாரி டிலனாய், விவிலியத்தின் யோபு கதையைச் சொன்னதாக அவரது வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. யோபு அமைதியாகச் சகித்துக்கொண்டவர் மட்டுமல்லர். கடவுளிடமே நியாயம் கேட்டு வழக்காடியவர். 1745இல் வடக்கன்குளத்தில் தேவசகாயமாகத் திருமுழுக்குப் பெற்ற நீலகண்டபிள்ளை, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். இப்பகுதியில் நம்பிக்கை என்ற பேச்சு இழப்பிலிருந்தே தொடங்குகிறது. இழப்பு நேராது என்ற வாக்குறுதி அதில் இல்லை.

1806இல் எல்.எம்.எஸ். மிஷனரி ரிங்கல்தௌபே வந்து மயிலாடியில் அவ்வூர்க்காரரான வேதமாணிக்கத்தோடு சபையைத் தொடங்கியபின், பனையேறிகளும் வயல் அடிமைகளும் கூட்டங்கூட்டமாக வந்தார்கள். தலைவரி, கூலியில்லா ஊழியம், மார்பை மறைக்கத் தடை, வாங்கி விற்கப்படும் அடிமை வாழ்வு ஆகியவற்றிலிருந்து வந்தவர்கள் அவர்கள். ஓலை வேய்ந்த ஜெபவீட்டில் ஞாயிறன்று உட்கார்ந்து பெயர் சொல்லி அழைக்கப்படுவதே அவர்களுக்குப் புதிய அனுபவம். அடிமைச் சாதியினரின் ஜெபத்தை ஒரு வரலாற்று ஆவணமாகவே எடுத்துப் படித்தவர் சனல் மோகன் (2015). வெளியே யாரிடமும் சொல்ல முடியாத கொடுமையை முதன்முதலில் வாய்விட்டுச் சொல்ல ஜெபம் இடம் தந்தது என்று அவரது ஆய்விலிருந்து நாம் புரிந்துகொள்ளலாம்.

அப்படிச் சொல்லப்பட்ட கொடுமை அரண்மனை வாசலையும் எட்டியது. அடிமைமுறையை ஒழிக்கக் கோரி மிஷனரிகள் 1847இல் மகாராஜாவுக்கு மனுக் கொடுத்தார்கள். 1853இல் அரைகுறையாகவும் 1855இல் முழுமையாகவும் விடுதலைப் பிரகடனங்கள் வந்தன. நாகர்கோவிலில் திருமதி மால்ட் தொடங்கிய சரிகைப் பின்னல் பள்ளியில் படித்த அடிமைப் பெண்களில் சிலர், பின்னிச் சேர்த்த கூலியைக் கொண்டே தங்களை மீட்டுக்கொண்டார்கள். தோள்சீலைக் கலகம் 1820களிலும் 1858-59இலும் மூண்டது. ஜெபவீடுகளும் பள்ளிகளும் எரிந்தன. 1859 ஜூலை 26 பிரகடனம் நாடார் பெண்களுக்கு மேலாடை உரிமை தந்தபோதும், உயர்சாதியாரைப் போல உடுத்தக் கூடாது என்று நிபந்தனை போட்டது. பாதி வெற்றிதான். ஆனாலும் எரிந்த ஜெபவீட்டை மறுபடி வேய்ந்தவர்களின் பிடிவாதமே அந்தப் பாதியையாவது பெற்றுத் தந்தது.

அரசுக்கு மனு எழுதுவதோடு சபைகள் நிற்கவில்லை. 1838இல் நெய்யூரில் மருத்துவப் பணி தொடங்கியது. அங்கே இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பணிசெய்த ஹோவர்ட் சாமர்வெல், எவரெஸ்ட் ஏறப் போனவர். 1922 பனிச்சரிவில் ஏழு கூலியாட்கள் மாண்டதும், மாண்டவர்களுள் வெள்ளையர் ஒருவரும் இல்லாததும் அவரை நெடுநாள் உறுத்தின. அதே ஆண்டு நெய்யூர் மருத்துவமனையில் காத்துக் கிடந்த நோயாளிகளின் கூட்டத்தைப் பார்த்துவிட்டுத் தம் எதிர்காலத்தை அங்கே வைத்தார். நெய்யாற்றின்கரை வட்டத்தில், எல்லையை ஒட்டிய காரக்கோணத்து மருத்துவக் கல்லூரி இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஜெபமும் மனுவும் சேர்ந்தே நடந்ததை அண்மையில் ஒக்கிப் புயலில் பார்த்தோம். 2017 நவம்பர் 30 அன்று பொழியூர், நீரோடி, வள்ளவிளை, சின்னத்துறை, தூத்தூர் எனக் கடலோர ஊர்களின் மீனவர் ஆழ்கடலில் சிக்கினார்கள். பலர் திரும்பவில்லை. எச்சரிக்கை தாமதமானது. கரையில் ஜெபமாலை ஓதப்பட்டது. டிசம்பர் 7 அன்று அதே மக்கள் குருவானவர்களோடு ஆயிரக்கணக்கில் நடந்து போய்க் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். தேடுதலை விடாதீர்கள், போகும் கப்பலில் எங்கள் ஆட்களையும் ஏற்றுங்கள் என்று கேட்டார்கள். உடல் கிடைக்காதவர்களை இறந்தவர்களாகக் கொள்ள ஏழாண்டு காத்திருக்க வேண்டும் என்ற விதியும் அவர்களுக்காகத் தளர்த்தப்பட்டது. போனவர்கள் வரவில்லை. ஆனால் தங்கள் துக்கத்தை யாரும் கணக்கிலிருந்து விட்டுவிட அவர்கள் இடங்கொடுக்கவில்லை.

இந்தச் சித்திரத்தில் கரும்பகுதிகளும் உண்டு. ஞானஸ்நானம் பெற்ற பின்னும் சபைக்குள் சாதி தன் இருக்கையை விடவில்லை. சாம்பவர், புலையர் சபைகள் பல இடங்களில் தனித்தே வளர்ந்தன. 1950 குடியரசுத் தலைவர் ஆணையின்படி கிறிஸ்தவரான தலித்துகளுக்குப் பட்டியல் சாதித் தகுதி இல்லை. விசுவாசத்தில் நம்பிக்கை கண்டவர் அந்த நம்பிக்கைக்காகவே கல்வியிலும் வேலையிலும் ஒரு வழியை இழக்கிறார். இதை மாற்றக் கோரும் மனு இன்னும் நிலுவையில்தான் கிடக்கிறது. சபை நிர்வாகங்களே அதிகாரமாக மாறும்போது, கீழிருந்து எழும் மனு சபைக்கும் எதிராகத் திரும்ப வேண்டியிருக்கிறது.

இன்று இப்பகுதியின் கூட்டங்களில் உடனடி அற்புதத்தையும் செழிப்பையும் முன்னிறுத்தும் பிரசங்கத்துக்குக் கேட்பவர்கள் அதிகம். கடன், வேலையின்மை, வளைகுடா போனவனின் பிரிவு எனத் துயரங்கள் தனித்தனி வீட்டுக்குள் அடைபட்ட காலம் இது. தீர்வும் தனித்தனியாகவே தேடப்படுகிறது. மேலே கண்ட இருநூற்றைம்பது ஆண்டுக்கும் மேற்பட்ட வரலாறு சொல்வது வேறு. மனம் சோர்ந்த மனிதருக்கு விசுவாசம் இங்கே நம்பிக்கை தந்தது, அவரது குறையைச் சபை முழுதும் கேட்டபோது. கேட்ட சபை அந்தக் குறையைத் தன் மனுவாக எடுத்துக்கொண்டு வெளியே நடந்தபோது. ஆகவே ஒரு சபை எத்தனை பேரைச் சேர்த்தது, எவ்வளவு காணிக்கை பெற்றது என்று கணக்கிடும் ஆய்வுகளோடு, யாருடைய குறைக்காக அது எழுந்து போனது என்ற கேள்வியையும் இனி வரும் ஆய்வுகள் கேட்க வேண்டும்.