புளோரஸ் தீவின் கற்கள் தரும் சாட்சியம்

இந்தோனேசியாவின் புளோரஸ் தீவில் கிடைத்த கற்கருவிகளை ஆதாரமாக்கி, ஆதிமனிதன் பத்து இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பே தேர்ந்த கடலோடியாக விளங்கினான் என்று எழுதுவோர் உளர். அக்கூற்றை உரைத்துப் பார்ப்பது கடமையெனக் கருதுகிறோம்.

மறுக்கவியலாதவற்றை முதலில் கூறிவிடுவோம். பாலிக்கும் லொம்போக்குக்கும் இடைப்பட்ட ஆழ்கடல், பனியூழிகளில் கடல்மட்டம் நூறு மீட்டருக்கு மேல் தாழ்ந்தபோதும் வற்றவில்லை. எனவே புளோரஸுக்கு நடந்து வந்தவர் எவருமிலர். அத்தீவின் சோவா வடிநிலத்தில், ஸ்டெகோடோன் என்னும் அழிந்துபோன யானையினத்தின் எலும்புகளோடு கற்கருவிகளைக் கண்டெடுத்தவர் டச்சுப் பாதிரியார் தியோடோர் வெர்ஹோவன். 1960களில் அவர் கண்டவற்றை ஆய்வுலகம் பெரிதும் பொருட்படுத்தவில்லை. மைக் மோர்வுட் குழுவினர் எரிமலைப் படிவுகளின் காலத்தைக் கணித்து 1998இல் வெளியிட்ட முடிவு, அக்கருவிகளின் தொன்மையை நிலைநாட்டியது. வோலோ செகே என்னுமிடத்துக் கருவிகள் பத்து இலட்சம் ஆண்டுகளுக்கும் முற்பட்டவை என்பது 2010இல் தெரியவந்தது. வெர்ஹோவனைப் புறக்கணித்தது பிழையே.

ஆயினும் ஒரு பிழை திருத்தப்பட்டது என்பதற்காக, அதன்மேல் எழுப்பப்படும் ஊகங்களெல்லாம் உண்மையாகிவிடா. திட்டமிட்ட கடற்பயணம் நிகழ்ந்தது, ஆகவே மொழியும் இருந்தது என வாதிடும் ராபர்ட் பெட்னாரிக், 1998இல் மூங்கில் தெப்பத்தில் திமோரிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கடல் கடந்து காட்டினார். அவர் துணிவைப் போற்றுகிறோம். எனினும், இயலும் என்பதற்கே அது சான்று, நிகழ்ந்தது என்பதற்கன்று. அவர் கரை இருக்கும் திசையை அறிந்து புறப்பட்டவர். எலிகளும் புளோரஸை அடைந்தன. அவை தெப்பம் கட்டவில்லை. 2004 ஆழிப்பேரலையில் கடலுக்குள் இழுக்கப்பட்ட சிலர், மிதந்த மரங்களைப் பற்றிக்கொண்டு நாள்கணக்கில் உயிர் தரித்ததையும் நாம் அறிவோம்.

மேலும், மாதா மெங்கேயில் கிடைத்து 2016இல் அறிவிக்கப்பட்ட ஏழு இலட்சம் ஆண்டுப் பழமையான மனித எச்சங்கள், மிகச் சிறிய உடலினருக்கு உரியவை. நெடுங்காலம் தனித்து வாழ்ந்து உருக்குறுகியவர்கள் அவர்கள் என்பதே பல அறிஞர் கருத்து. கடலோடிகள் அடிக்கடி வந்துபோன தீவில் இத்தகைய தனிமை எங்ஙனம் வாய்க்கும்?

கடல் பழகியோரின் தடயத்தைக் கிழக்குத் திமோரின் ஜெரிமலாய் பாறைக்குகையில் காணலாம். அங்கு 42,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட படிவுகளிலேயே சூரை மீனின் எலும்புகள் கிடைத்துள்ளன. அவை ஒரு வாழ்க்கை முறையைக் காட்டுகின்றன. புளோரஸின் கற்களோ வருகையை மட்டுமே காட்டுகின்றன.

அன்று அக்கற்கள் சொன்னதைக் கேட்க மறுத்தனர். இன்று அவை சொல்லாததையும் கேட்டதாகக் கூறுகின்றனர். சான்று நிற்குமிடத்தில் தானும் நிற்பதே ஆய்வாளருக்கு அழகு.