கேட்டவர் எங்கே?

சுபாங் ஜெயாவில் மோனாஷ், சன்வே, டெய்லர்ஸ் என்று உளவியல் கற்பிக்கும் பல்கலைக்கழகங்கள் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. இந்த ஊர் 1970களில் சீபீல்ட் ரப்பர் தோட்டத்து நிலத்தில் எழுந்தது. சன்வே பகுதி எழுந்தது ஈயம் தோண்டி முடித்த குழிகள் கிடந்த இடத்தில். பால்மரம் சீவியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று இங்கே ஒலிப்பதிவைத் தட்டிவிட்டு, தங்கள் பாட்டி வயதுள்ளவர்களிடம் இழப்பையும் முதுமையையும் மனச்சோர்வையும் பற்றிக் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகள் எழுதி முடித்த ஆய்வில் எங்கே போகின்றன என்பதுதான் என் கவலை.

உளவியலுக்கு நேர்காணல் புதிதில்லை. 1920களில் பியாஜே குழந்தைகளிடம் பேசிப் பேசித்தான் அவர்கள் சிந்திக்கும் விதத்தைக் கண்டறிந்தார். சிகாகோவுக்கு அருகே ஹாதார்ன் ஆலையில் 1928 முதல் 1930 வரை இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களிடம் பேட்டி எடுத்தார்கள். முதலில் கையில் கேள்விப் பட்டியல் இருந்தது. தொழிலாளிகளோ பட்டியலில் இல்லாததையே பேசினார்கள். ஆய்வாளர்கள் பட்டியலைக் கீழே வைத்துவிட்டு, அவர்கள் போக்கில் பேசவிட்டார்கள். அரை மணிப் பேச்சு ஒன்றரை மணியாக நீண்டது. பிறகு பல்லாண்டுகள் ஆய்வுக்கூடமும் எண்களும் மேலோங்கின. 1996இல் ஜொனதன் ஸ்மித் அனுபவத்தின் பொருளை ஆராயும் முறையை முன்வைத்ததும், 2006இல் பிரானும் கிளார்க்கும் கருப்பொருள் பகுப்பாய்வுக்குப் படிப்படியான வழி வகுத்ததும் நேர்காணலை மறுபடி உளவியலின் நடுக்கூடத்துக்குக் கொண்டுவந்தன. இன்று மாணவர் ஆய்வேடுகளில் இந்தப் பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன.

அதே 1996இல் உளவியலாளர் ஸ்டைனார் குவாலே ஒரு உவமை சொன்னார். பேட்டி எடுப்பவர் சுரங்கத் தொழிலாளியா, வழிப்போக்கரா? முன்னவருக்கு, அடுத்தவர் மனத்தில் தாது ஏற்கெனவே கிடக்கிறது, தோண்டினால் போதும். பின்னவருக்கு, சேர்ந்து நடந்து பேசும்போதுதான் கதையே உருவாகிறது. ஈயக்குழி மண்ணில் படிக்கும் மாணவர்களுக்கு இதை விளக்க அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வழிப்போக்கர் வகைதான் தாம் என்று எழுதிவிட்டு, சுரங்கக்காரரைப் போலவே முடிவுகளை அடுக்கும் ஆய்வேடுகளே மிகுதி.

2005இல் ஜொனதன் பாட்டரும் அலெக்சா ஹெப்பர்னும் உளவியல் நேர்காணல்களைப் பற்றி எழுதிய கட்டுரை இந்த இடத்தில்தான் கைவைத்தது. மேற்கோள்களில் கேள்வியை வெட்டிவிடுகிறீர்கள், மௌனத்தையும் தயக்கத்தையும் துடைத்துவிடுகிறீர்கள், பேட்டி கொடுத்தவரை எந்தத் தகுதியில் பேச அழைத்தீர்கள் என்பதையும் சொல்வதில்லை என்றார்கள். இருபது ஆண்டுகள் ஆகியும் அந்தக் குற்றச்சாட்டு அப்படியே பொருந்துகிறது.

கற்பனையாக ஒரு துண்டை எடுத்துப் பார்ப்போம். ஆய்வேட்டில் இப்படி வருகிறது: “கஷ்டம்தான். லயத்த விட்டு வந்ததுல மனசு ஒடஞ்சி போச்சு.” மேலே ‘இடப்பெயர்வின் துயரம்’ என்று ஒரு கருப்பொருள். ஒலிப்பதிவில் இருந்தது இது:

“தோட்டத்த விட்டு வந்தப்ப ரொம்ப மனசு ஒடஞ்சி போயிருக்கும், இல்ல பாட்டி?”
(மூன்று நொடி மௌனம்.)
“ம்... கஷ்டம்தான். நீ சொல்ற மாதிரி, லயத்த விட்டு வந்ததுல மனசு ஒடஞ்சி போச்சு. ஆனா இங்க தண்ணி, கரண்டு எல்லாம் இருக்கும்மா.”

மனம் உடைந்த பேச்சைக் கொண்டுவந்தவள் பேத்தி வயதுப் பெண். பாட்டி மூன்று நொடி யோசித்து, பிள்ளை மனம் கோணாமல் ஒத்துக்கொண்டு, பிறகு தன் சொந்தப் பேச்சை எடுத்தார். தண்ணீரும் கரண்டும்தான் அவருடையவை. அவை ஆய்வேட்டில் இல்லை.

நம் வீடுகளில் பேட்டி ஒலிப்பதிவுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. “எந்தத் தோட்டத்துப் பிள்ளம்மா நீ? அப்பா என்ன வேலை?” என்று கேட்டு, தேநீர் வைத்து, வந்தவள் யாரென்று தெரிந்த பிறகே அவர்கள் பேசுகிறார்கள். கிள்ளானில் தோட்டத்து வழி வந்த குடும்பம் ஒரு விதமாக எடைபோடும். பிரிக்பீல்ட்ஸில் இரயில்வேயில் எழுத்தராக இருந்த யாழ்ப்பாணத்தார் வழி வந்த குடும்பம் வேறு விதமாக எடைபோடும். அந்தக் கால்மணி நேரத்தைப் பதிவதும் இல்லை, எழுதுவதும் இல்லை. தனி அறையில் பேசுங்கள் என்கிறது பாடநூல். மலிவு விலை அடுக்குமாடி வீட்டில் தனி அறைக்கு எங்கே போவது? மருமகள் அடுப்படியிலிருந்தே பதில் சொல்வார், பேரன் திருத்துவான். இதை இடைஞ்சல் என்று ஒதுக்காமல், யார் யாருக்காகப் பேசுகிறார்கள் என்று குறித்து வைத்தால், அந்த வீட்டில் துயரத்தை வாய்விட்டுச் சொல்ல யாருக்கு இடம் உண்டு என்பது தெரிந்துவிடும்.

எத்தனை பேரிடம் பேட்டி எடுத்தால் போதும் என்ற கேள்விக்குப் பலரும் பன்னிரண்டு என்கிறார்கள். அந்த எண் கானாவிலும் நைஜீரியாவிலும் எடுத்த 60 பேட்டிகளை வைத்து, கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் மூவரும் 2006இல் எழுதியதிலிருந்து வந்தது. ஓரளவு ஒரே மாதிரியான மக்கள், குறுகிய பொருள் என்ற நிலையில் அவர்கள் சொன்னதை, தோட்டத்தாரும் யாழ்ப்பாணத்தாரும் கலந்து வாழும் கிள்ளான் பள்ளத்தாக்குக்கு அப்படியே எடுத்துவைப்பது தவறு. பத்தாவது பேட்டிக்குப் பின் புதிதாக ஒன்றும் வரவில்லை என்றால், கேள்வி மாறவில்லை என்றும் அதற்குப் பொருள் இருக்கலாம்.

நல்ல முன்மாதிரிகள் நமக்கு உண்டு. கார்னெல் பல்கலைக்கழக மானிடவியலாளர் ஆண்ட்ரூ வில்ஃபோர்ட் 2014இல் வெளியிட்ட நூல், தோட்டம் கைமாறி வீடும் கோயிலும் இழந்த மலேசியத் தமிழர்களிடம் பேசி எழுதியது. உளப்பகுப்பாய்வின் கண்ணால் அவர்களின் நீதி உணர்வைப் பார்த்தது. யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரம் 2007இல் இலங்கையின் வடக்கில் போர் விட்டுச்சென்ற கூட்டு மனக்காயத்தைப் பற்றி எழுதியபோது, நேர்காணலை மட்டும் நம்பவில்லை. மக்களோடு இருந்து பார்த்ததையும் குழு உரையாடல்களையும் சேர்த்தார். அவர் கண்டவற்றில் அவநம்பிக்கையும், ஊரே வாய்மூடிக்கொண்ட மௌனமும் இருந்தன. மௌனமே நோயின் அறிகுறியாக இருக்கும் ஊரில், சொன்னதை மட்டும் எண்ணினால் என்ன கிடைக்கும்? எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த பாடம் இது.

இன்னொன்று, பதிவுகளின் கதி. அந்தரங்கம் காக்க வேண்டும் என்று பெயரை மறைத்து, சில ஆண்டுகளில் ஒலிப்பதிவை அழித்துவிடுவதே உளவியல் ஆய்வுகளில் பரவலான நடைமுறை. நோயாளிக்கு அது அவசியமான காப்பு. ஆனால் சிங்கப்பூரில் 1979இல் தொடங்கிய வாய்மொழி வரலாற்றுப் பிரிவு சாதாரண மனிதர்களின் குரல்களைப் பெயரோடு சேர்த்துவைத்தது. 1960களில் மரம் சீவியவர்கள் இப்போது எண்பதைத் தொட்டுவிட்டார்கள். ஒப்புதல் படிவத்தில் ‘அழித்துவிடலாம்’ என்பதற்குப் பக்கத்தில், ‘என் பெயரோடு வைத்திருங்கள்’ என்று இன்னொரு கட்டமும் வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் அதை வாய்விட்டுப் படித்துக் காட்டி, அவர் சொல்லும் பதிலையே ஒலிப்பதிவின் முதல் வரியாக வைக்கலாம்.