இரண்டு பொன்னேரிக்கும் ஒரே சைக்கிள்

வடசென்னையின் டோல்கேட்டிலிருந்து வடக்கு நோக்கிச் சைக்கிளில் புறப்படுகிறவன், திருவொற்றியூரையும் எண்ணூரையும் கடந்து, மீஞ்சூர் வழியாகப் பழவேற்காட்டுக்குப் போகும் பாதையில் ஒரு பொன்னேரியைக் காண்பான். அதே மனிதன் மேற்கே திரும்பி வேலூரையும் வாணியம்பாடியையும் தாண்டி ஏலகிரிக்குப் போவானாகில், மலையடிவாரத்தில் இன்னொரு பொன்னேரி அவனை எதிர்கொள்ளும். முதற் பொன்னேரிக்குப் போகும் வழியில், மேம்பாலங்களைத் தவிர, ஏற்றம் என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. இரண்டாவது பொன்னேரியில் தொடங்கும் சாலையோ, புலவர்களின் பெயரும் வள்ளல்களின் பெயரும் சூட்டப்பெற்ற பதினான்கு கொண்டையூசி வளைவுகளைச் சுற்றிக்கொண்டு, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரமுள்ள மலைக்கு ஏறுகிறது. இவ்விரண்டுக்கும் ஒரே சைக்கிளில், சுமையோடு, சௌகரியமாகப் போய்வர ஆசைப்படுகிறவன் முன்னே எத்தனை பல், பின்னே எத்தனை பல் வைத்துக்கொள்வது என்பது, கணக்கு வாத்தியாரின் கேள்விபோல் தோன்றினாலும், உண்மையில் ரசனையைச் சேர்ந்த கேள்வி.

சைக்கிளின் கியரை அங்குலத்தில் சொல்லும் வழக்கம், மிதி நேரே முன்சக்கரத்தின் அச்சிலேயே பூட்டப்பட்டிருந்த பெருஞ்சக்கர வண்டிகளின் காலத்து எச்சம். அவற்றில் சக்கரம் எவ்வளவு பெரிதோ அதற்கேற்ற தூரமே ஒரு சுற்றுக்கு வண்டி ஓடியது. சங்கிலி வந்த பின்னரும், பின்சக்கரத்தின் விட்டத்தை முன்பற்களால் பெருக்கிப் பின்பற்களால் வகுத்து, இது இத்தனை அங்குலச் சக்கரத்துக்குச் சமானம் என்று கணிக்கும் சம்பிரதாயம் நிலைத்துவிட்டது. 28 அங்குலச் சக்கரமும், செயின்வீலில் 44 பல்லும், ஃப்ரீவீலில் 18 பல்லும் உள்ள கறுப்பு ரோட்ஸ்டர் இக்கணக்கில் 68 அங்குலம் வரும். 1949-இல் முருகப்பா குழுமத்தார் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கம்பெனியோடு கூடித் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸின் அம்பத்தூர் ஆலையிலிருந்து ஹெர்குலிஸ் முதலிய பெயர்களோடு வெளிவந்து, துறைமுகத்துக்கும் விம்கோ தீப்பெட்டி ஆலைக்கும் லேலண்டு லாரி ஆலைக்கும் ஷிஃப்டு மாறுந்தோறும் ஆட்களைச் சுமந்து திரிந்த வகையைச் சேர்ந்த வண்டிகளுக்குக் கியர் மாற்றும் வித்தை தெரியாது. ஆயினும், நிமிடத்துக்கு அறுபது சுற்று மிதித்தால் மணிக்கு இருபது கிலோமீட்டரை ஒட்டிப் போகச் செய்யும் அந்த 68 அங்குலத்தை, சமவெளிக்கு உரிய ஒற்றை எண்ணாக, எந்த நவீன வண்டியும் விஞ்சிவிடவில்லை என்பது என் அபிப்பிராயம்.

அவ்வளவு உத்தமமான எண் இருக்க மற்றவை எதற்கு என்றால், முதலாவது காற்றுக்காக. டோல்கேட்டுக்கு மலை இல்லாவிட்டாலும் பிற்பகலில் கடற்காற்று உண்டு. கேரியரின் இருபுறமும் பை தொங்க எண்ணூர்ப் பக்கமிருந்து திரும்புகிறவனுக்கு, தென்கிழக்கிலிருந்து வரும் அந்தக் காற்று மார்பில் மோதும்போது, ஒற்றை கியர் வண்டியில் மிதியின் லயம் குலைந்துபோவது பிரத்தியட்சம். நீடித்து உழைக்கும் சாமானிய தேகம் ஒரு குதிரைசக்தியில் ஐந்திலொரு பங்கைத் தந்தாலே அதிகம். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், சைக்கிளையே பெயரில் தாங்கிய என்ஃபீல்டு சைக்கிள் கம்பெனியின் கூட்டுறவால் 1955-இல் உருவான என்ஃபீல்டு இந்தியா, தன் புல்லட்டுக்கு நான்கு கியர் போதும் என்று வைத்ததென்றால், பதினெட்டுக் குதிரைசக்தியுள்ள யந்திரம் ஒரு கியருக்கும் அடுத்ததற்கும் இடையிலுள்ள பள்ளத்தை உறுமிக்கொண்டே தாண்டிவிடும் என்பதால்தான். முழங்கால் அப்படித் தாண்டாது.

அந்தப் பள்ளத்தை நிரப்பும் ஏற்பாடுகளில், பழைய பிரயாண சைக்கிள்காரர்கள் கையாண்ட அரைப்படி முறைக்கு ஈடான அழகு வேறெதற்கும் இல்லை. பின்னே 14, 17, 20, 24, 28 என்று ஐந்து பற்சக்கரங்கள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு வித்தியாசம். முன்னே 48, 44 என்று இரண்டு; இவற்றினிடையே பதினோரில் ஒரு பங்கு, அதாவது பின்படியில் ஏறக்குறையப் பாதி. 27 அங்குலச் சக்கரத்தில் இவை 93, 85, 76, 70, 65, 59, 54, 50, 46, 42 என்று பத்துப் படிகளாக இறங்கி வரும். அங்குலத்தில் பார்த்தால் இடைவெளி சுருங்கிக்கொண்டே போவதாகத் தோன்றும். விகிதத்தில் பார்த்தால் எல்லாம் கிட்டத்தட்டச் சமம். வீணையின் இருபத்துநான்கு மெட்டுகள் குதிரையை நெருங்க நெருங்க நெருக்கமாக அமைந்தும், காதுக்கு ஒவ்வொரு படியும் சமமாகவே கேட்பது இந்த நியாயத்தினால்தான். தியாகையர் திரிபுரசுந்தரியின்மேல் பஞ்சரத்தினம் பாடிய, அவருடைய சீடர் வீணை குப்பையரின் பெயரோடு சேர்த்து நினைக்கப்படும் திருவொற்றியூருக்கு அண்டையில் இருப்பவருக்கு இதை விஸ்தரிக்க வேண்டுவதில்லை. மணிக்குப் பதினெட்டு கிலோமீட்டரில் போகிறவனுக்கு ஒரு படி என்பது ஒன்றரை கிலோமீட்டர் வேகத்துக்குச் சமம். காற்று சிறிது வலுக்கும்போது உடம்பு கேட்பதும் சரியாக அவ்வளவே. ஒன்றுவிட்டு ஒரு படிக்கு முன்நெம்பையும் பின்நெம்பையும் சேர்த்து அசைக்க வேண்டியிருப்பது தொல்லை என்று பலர் இம்முறையைக் கைவிட்டார்கள். அந்தத் தொல்லையிலேயே எனக்கு ஒரு சுகம் தெரிகிறது.

இரண்டாவது பொன்னேரிக்கு இந்தப் பத்தும் போதா. நூற்றுக்கு ஏழு என்ற ஏற்றத்தில், ஆளும் வண்டியும் சுமையுமாக 95 கிலோவை மணிக்கு ஆறு கிலோமீட்டர் வேகத்தில் நகர்த்துவதற்கே 120 வாட் செலவாகும். அவ்வேகத்தில் 68 அங்குலக் கியர் நிமிடத்துக்குப் பதினெட்டுச் சுற்றும், 42 அங்குலம் முப்பது சுற்றுமே சுற்றும். சுற்று குறையக் குறைய ஒவ்வொரு மிதிக்கும் உரிய பாரம் ஏறி, கபிலர் வளைவு வருமுன்பே முழங்கால் முறையிடும். ஆகவே முன்னே மூன்றாவதாக 26 பல்லில் ஒரு சிறு சக்கரம் வேண்டும்; அது பின்னே 28-ஓடு சேர்ந்து 25 அங்குலத்தைத் தர, மிதி ஐம்பது சுற்றில் நிதானமாகச் சுழலும். கியரை இறக்குவது பலவீனருக்குரியது என்ற கர்வம் வெகுகாலம் உலகை ஆண்டது. பிரான்சின் செயிந்த்-எத்தியென் நகரத்தில் பால் த விவி என்பவர், வெலோசியோ என்ற புனைபெயரில், சங்கிலியைப் பற்சக்கரத்திலிருந்து பற்சக்கரத்துக்குத் தாவச் செய்யும் டீரெய்லருக்காக ஆயுள் முழுதும் வாதாடி 1930-இல் மறைந்தார். டூர் த பிரான்ஸ் பந்தயத்தார் அதை அனுமதித்தது 1937-இல்.

அந்தக் கர்வம் இப்போது மறு கோடியில் குடிபுகுந்திருக்கிறது. கடைகளில் ரேஸ் சாயலில் நிற்கும் வண்டிகளில் முன்னே 50, பின்னே 11 என்று ஒரு கியர் இருக்கும்; 122 அங்குலம், எண்பது சுற்றுக்கு மணிக்கு 47 கிலோமீட்டர். துறைமுகத்துக்குள் நுழைய கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் எண்ணூர் விரைவுச்சாலையில் அவற்றை முந்துவதற்கு அவ்வளவு ஆடம்பரம் தேவையில்லை. அதே வண்டியில் மிகச் சிறிய கியர் 34-க்கு 28, அதாவது 33 அங்குலத்தோடு நின்றுவிடும். மேலே வீணாக்கியதைக் கீழே கொடுத்திருந்தால் ஏலகிரிக்கு ஆகியிருக்கும். மலைக்கே போகாதவனுக்கு 26 பல் எதற்கு, கழற்றிவிடலாமே என்போரும் உண்டு. ஐப்பசி மழையில் சங்கிலி நனையத் தண்ணீர் தேங்கிய ரயில்வே சுரங்கப்பாதையிலிருந்து, இரண்டு பையோடும் கேரியரில் ஒரு அரிசி மூட்டையோடும் மேலேறி வந்தவர் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.