ஒளிந்தோரும் ஒளித்தோரும்

ஆன் ஃபிராங்க் என்னும் யூதச் சிறுமியின் நாட்குறிப்பைப் பற்றி நம் சங்க அன்பர்கள் கேள்விப்படாதிருக்க முடியாது. நாம் படிக்கத் தவறியிருந்தாலும் நம் பிள்ளைகளின் பள்ளிப் பாடத்தின் வாயிலாகவேனும் அது நம் வீடுகளுக்குள் வந்திருக்கும். 1947ஆம் ஆண்டு டச்சு மொழியில் அந்நூல் முதன்முதலாக வெளிவந்தபோது அதற்கு இடப்பட்ட பெயர், 'வீட்டின் பின்பகுதி' என்று பொருள்படுவது. 1952இல் ஆங்கிலத்துக்கு வந்தபோது அப்பெயர் உதிர்ந்து, ஓர் இளம்பெண்ணின் நாட்குறிப்பு என்று ஆயிற்று. தமிழுக்கு நேராக வந்திருந்தால் அப்பெயரை இழக்க வேண்டியிருந்திராது. 'பின்கட்டு' என்ற ஒரு சொல் நம்மிடம் இருக்கிறது. தஞ்சைப் பக்கத்துக் கட்டு வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு அச்சொல்லை விளக்க வேண்டியதில்லை. அடுக்களையும் கிணற்றடியும் பெண்களின் பேச்சும் அங்கேதான். வாசலில் வந்து நிற்பவர் கண்ணுக்கு அது தெரிவதில்லை.

ஆம்ஸ்டர்டாம் நகரில், கால்வாய்க் கரையொன்றில் இருந்த வணிக அலுவலகத்தின் பின்கட்டில் எண்மர் ஒளிந்து வாழ்ந்தார்கள். ஆனின் குடும்பம் 1942 ஜூலை 6ஆம் நாள் அங்கே புகுந்தது. 1944 ஆகஸ்டு 4ஆம் நாள் அனைவரும் பிடிபட்டனர். தந்தை ஒருவரைத் தவிர எவரும் மீளவில்லை. இவ்வரலாற்றை அறிந்தவர்கள் நூலைப் பற்றிப் பேசும்போது நம்பிக்கை, துணிவு, மானிடத்தின் மேன்மை என்ற சொற்களையே மிகுதியும் ஆள்கிறார்கள். அவை தவறான சொற்கள் அல்ல. ஆயினும் அந்நூல் இலக்கியமாக நிற்பது அவற்றால் அன்று. உருளைக்கிழங்கு உரிப்பதில் எழும் சண்டையும், வெண்ணெய்ப் பங்கீட்டில் எழும் மனத்தாங்கலும், பணியாளர்கள் கீழே இருக்கும் பகல் நேரத்தில் குழாயைத் திறக்கலாகாது, கழிப்பறையில் நீர் விடலாகாது என்ற கட்டளைகளும் அதில் இருக்கின்றன. உயிருக்கு அஞ்சி ஒளிந்திருப்பவர்களும் ஒரு கரண்டி வெண்ணெய்க்காக முகம் சுளிப்பார்கள் என்று பதினைந்து வயதுக்குள் ஒரு பெண் கண்டு எழுதியிருக்கிறாள். அந்தக் கண் நம்மில் பல பெரிய எழுத்தாளர்களுக்கு வாய்க்கவில்லை.

இவ்வகை நூல்களில் எப்போதும் இரண்டு சாரார் இருப்பார்கள். ஒளிந்தோர் ஒரு சாரார். அவர்களை ஒளித்தோர் மற்றொரு சாரார். ஒளிந்தோரின் அச்சத்தை எந்த நூலும் சொல்லிவிடும். ஒளித்தோரின் அச்சத்தை, அவர்களுக்கு வரும் சலிப்பை, சில வேளைகளில் வரும் சிறுமையை ஒரு நூல் என்ன செய்கிறது என்பதே என் உரைகல். பெரும்பாலான ஆசிரியர்கள் அவர்களைத் தெய்வமாக்கிக் கும்பிட்டுவிட்டு அப்பால் சென்றுவிடுகிறார்கள். கும்பிட்ட பின் அவர்களைப் பற்றி எழுத என்ன இருக்கிறது?

ஆன் அப்படிச் செய்யவில்லை. உதவுபவர்கள் ஒருநாளும் தங்களைச் சுமை என்று சொன்னதில்லை என்று வியக்கிறாள். 1944 மே மாதத்தில், அவர்களுக்குக் காய்கறி தந்துவந்த கடைக்காரர் தம் வீட்டில் இரண்டு யூதர்களை வைத்திருந்ததற்காகச் சிறைப்படுகிறார். அடுத்த நாள் அவள் எழுதுவது கசப்பானது. நாங்கள் ஒளியாமலே செத்திருந்தால் பிறருக்கு இந்தத் தொல்லை இருந்திராதே என்ற எண்ணம் அதில் வருகிறது. பிறர் உப்பை உண்டு வாழ்வதன் பாரம் அந்தப் பக்கங்களில் இருக்கிறது. நன்றி என்ற எளிய சொல்லுக்குள் அது அடங்காது.

அவர்களுக்கு உதவியவர்கள் யார்? படைவீரர்கள் அல்லர், தலைவர்களும் அல்லர். அலுவலக மேலாளர்களும் எழுத்தர்களும் தட்டச்சுப் பெண்களுமே. அவர்களுள் ஒருவரான மீப் கீஸ் என்னும் அம்மையார் நூறு வயதைக் கடந்து 2010இல் மறைந்தார். 1987இல் அவர் தம் நினைவுகளை நூலாகத் தந்தார். ஆனின் நாட்குறிப்போடு சேர்த்துப் படிக்க வேண்டிய நூல் அது என்பது என் துணிபு. வீரமென்று எதையும் அவர் தமக்குச் சூட்டிக்கொள்ளவில்லை. ஓரிரவு கணவரோடு அந்தப் பின்கட்டிலேயே தங்கிப் பார்த்ததையும், அச்சத்தால் கண் மூட முடியாமற் போனதையும் எழுதுகிறார். மறுநாள் காலை எழுந்து கீழே தம் மேசைக்குப் போய்விடும் உரிமை அவருக்கு இருந்தது. மேலே இருந்தவர்களுக்கு இல்லை. ஆனின் தாள்களை அவர் படிக்காமலே மேசை இழுப்பறையில் வைத்துக் காத்தார். படித்திருந்தால் உதவியவர் பெயரெல்லாம் அதில் இருப்பது கண்டு எரித்திருப்பேன் என்று பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னார். உலகம் போற்றும் ஒரு நூல் பிழைத்தது, ஓர் எழுத்தர் கோப்பைத் திறந்து பார்க்காததால்!

நானும் கோப்புகளுக்கிடையே காலம் கழிப்பவன். ஆகவே இதன் மறுபக்கமும் என் கண்ணில் படுகிறது. 1941இல் அதே ஆம்ஸ்டர்டாம் நகராட்சியின் புள்ளிவிவர அலுவலகம் ஒரு வரைபடம் தயாரித்துத் தந்தது. ஒரு புள்ளிக்குப் பத்து யூதர் என்ற கணக்கில், எந்தத் தெருவில் எத்தனை பேர் என்பது அதில் ஐயமறத் தெரியும். அதையும் எழுத்தர்கள்தாம் வரைந்தார்கள், நன்றாகவே வரைந்தார்கள். நெதர்லாந்தில் இருந்த ஏறக்குறைய 1,40,000 யூதர்களுள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டதற்கு அந்நாட்டின் செம்மையான பதிவேடுகளும் ஒரு காரணம். கொழும்பில் 1983 ஜூலையில் தமிழர் வீடுகளைத் தேடி வந்தவர் கைகளில் வாக்காளர் பட்டியல் இருந்தது. நம் தில்லியில் 1984 நவம்பர் முதல் மூன்று நாட்களும் சீக்கியர் வீடுகளைத் தேடிச் சென்றவர்களிடமும் அவ்வாறே பட்டியல்கள் இருந்தன என்று அம்மாதமே வெளியான குடியுரிமை அமைப்புகளின் அறிக்கை கூறிற்று. அரசுக் கணக்கின்படியே தில்லியில் மாண்டோர் 2,733 பேர். நாஜி ஜெர்மனியில் ஒரு யூதனாக இருப்பதுபோல் உணர்ந்ததாக, அந்நாட்களில் ஸ்வீடன் நாட்டுத் தூதரக இல்லத்தில் அடைக்கலம் புகுந்த குஷ்வந்த் சிங் சொன்னார். ஆகவே இவ்வொப்புமை நான் வலிந்து கொண்டுவந்தது அன்று.

கொழும்புக் கலவரம் தமிழருக்கு நேர்ந்தது. அதைச் சொல்லும் நூல்களுள், இந்தக் கோணத்தில் முதலில் நினைவுக்கு வருவது ஷியாம் செல்வதுரை 1994இல் ஆங்கிலத்தில் எழுதிய 'ஃபன்னி பாய்'. அதன் இறுதிப் பகுதி கலவர நாட்குறிப்பாகவே அமைந்திருக்கிறது. தமிழ்க் குடும்பம் ஒன்று அயல்வீட்டில் ஒளிகிறது. சொந்த வீடு எரிகிறது. பாட்டனும் பாட்டியும் கொல்லப்படுகிறார்கள். எஞ்சியோர் கனடாவுக்குப் புறப்படுகிறார்கள். நாள்வாரியாக எழுதும் அந்த உத்தி ஆனின் நிழலை நினைவூட்டத்தான் செய்கிறது. ஆனால் ஆனுக்கு இரண்டாண்டுகள் இருந்தன. இச்சிறுவனுக்கு இருப்பவை சில வாரங்களே. வெண்ணெய்ச் சண்டைக்கு அங்கே நேரமில்லை. அடைக்கலம் தந்தவர்கள் கதவைத் திறக்கிறார்கள், சோறு போடுகிறார்கள், மறைகிறார்கள். இதை ஒரு குறையாகவே சொல்வேன். எனினும் ஓரிடத்தில் ஆசிரியர் அவர்களைவிட நெருங்கிய ஒன்றைத் தொட்டுவிடுகிறார். தான் நேசித்த தோழன் பார்க்க வந்து நிற்கும்போது, இவன் சிங்களவன், நான் தமிழன் என்ற நினைப்பு அச்சிறுவனுக்கு முதன்முறையாக எழுகிறது. அந்தத் தோழன் எந்தத் தவறும் செய்யவில்லை. அந்த நினைப்பு போதும். நூல் அங்கே உயர்ந்துவிடுகிறது.

ஒளித்தோரை முழு மனிதராகக் காட்டிய நூல் எது என்று என்னைக் கேட்டால், நம் தில்லி நகரிலேயே வாழ்ந்த பீஷ்ம சாஹ்னியின் 'தமஸ்' என்றுதான் சொல்வேன். 1975இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற அந்த இந்தி நாவலைத் தொலைக்காட்சித் தொடராகவும் நம்மில் பலர் பார்த்தோம். பிரிவினைக் கலவரத்தில் ஹர்நாம் சிங்கும் அவர் மனைவி பந்தோவும் தம் ஊரை விட்டு ஓடி, வேறோர் ஊரில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். கதவைத் திறப்பவள் ராஜோ என்னும் முஸ்லிம் மூதாட்டி. மருமகள் தடுக்கிறாள். ராஜோ தயங்குகிறாள், பின் இருவரையும் பரணில் ஏற்றி வைக்கிறாள். கொள்ளைக்குப் போன கணவன் ஒரு பெட்டியோடு வீடு திரும்புகிறான். அது பரணில் இருப்பவர்களின் பெட்டி! பூட்டை உடைக்க முயலும்போது மேலிருந்து ஹர்நாம் சிங் தம்மிடம் சாவி இருப்பதாகக் குரல் கொடுக்கிறார். ஒரே கூரையின் கீழ் கீழே கொள்ளையும் மேலே அடைக்கலமும். பழகிய முகத்தைக் கண்டு கணவன் கூசுகிறான். கொல்லத் துடிக்கும் மகனுக்கும் கோடரியைக் கையில் எடுத்த பின் கை எழவில்லை. இரவில் ராஜோவே அவர்களை ஊருக்கு வெளியே கொண்டுவிட்டு, பெட்டியில் இருந்த நகைகளையும் கையில் கொடுத்து அனுப்புகிறாள். அவளைச் சாஹ்னி தெய்வமாக்கவில்லை. இன்னும் ஒரு நாள் இருங்கள் என்று அவள் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அந்த வீட்டில் அதற்கு மேல் அவளால் முடியாது.

தமிழில் இப்படி ஒரு நூல் உண்டா? அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' ஒருவகையில் உண்டு என்று சொல்லவைக்கிறது. 1977இல் வெளிவந்த அந்நாவல், 1948 செப்டம்பரில் ஐதராபாத் இந்தியாவோடு இணைந்த காலத்தைச் செகந்திராபாத் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்த ஒரு தமிழ் இளைஞன் வழியே சொல்கிறது. நூல் முழுவதும் சந்திரசேகரனும் அவன் குடும்பமும் ரஜாக்கர்களுக்கு அஞ்சுகிறார்கள். இறுதியில் காலம் புரள்கிறது. கலவரக் கும்பலிடமிருந்து தப்பி ஓடும் அவன் சுவரேறிக் குதித்து ஒரு வீட்டுக்குள் விழ, அங்கே ஓர் ஏழை முஸ்லிம் குடும்பம் நடுங்கி ஒடுங்கியிருக்கிறது. அவன் தாக்க வந்தவன் என்று எண்ணி, தன் வீட்டாரைக் காக்கத் தன்னையே கொடுக்க முன்வந்து ஒரு சிறு பெண் தன் ஆடையைக் களைகிறாள். அவன் அருவருத்து வெளியே ஓடுகிறான். ஒளிந்திருப்பவர் கண்ணுக்கு நாம் எப்படித் தெரிகிறோம் என்பதை இதைவிடக் கொடுமையாகச் சொன்ன தமிழ் நாவலை நான் படித்ததில்லை. ஓர் அலங்காரச் சொல் இல்லாமல், ஒரு கண்ணீர்த் துளி இல்லாமல் ஆசிரியர் அதைச் செய்கிறார். ஆனால் அவனும் ஒளித்தவன் அல்லன். கதவைத் திறந்து உள்ளே வைத்துக்கொண்டு, பிறகு என்ன செய்வது என்று இரவெல்லாம் விழித்திருந்தவனின் கதை தமிழில் இன்னும் எழுதப்பட வேண்டியதாகவே எனக்குப் படுகிறது.

அதற்கான பொருள் நம்மிடம் இல்லாமல் இல்லை. 1984 நவம்பரில் எனக்கு ஆறு வயது. ராமகிருஷ்ணபுரத்து அரசுக் குடியிருப்பில், எங்களுக்கு மேல் மாடியில் இருந்த சர்தார்ஜி தம் மனைவியோடும் பள்ளி செல்லும் மகனோடும் எங்கள் வீட்டின் உள்ளறையில் மூன்று நாள் இருந்தார். பால் பூத்துக்குப் போகும்போது வாய் திறக்கக் கூடாது என்று என்னிடம் அம்மா சத்தியம் வாங்கிக்கொண்டாள். வானொலியைச் சற்று உரக்க வைத்தார்கள். இதுவரை நான் சொன்னது எங்கள் உறவினர் கூட்டத்தில் பெருமையாகச் சொல்லப்படும் கதை. அதில் சொல்லப்படாத ஒன்றை அம்மா எனக்குப் பல ஆண்டுகள் கழித்துச் சொன்னாள். இரண்டாம் நாள் இரவு, தெருவில் கூச்சல் கேட்டபின், அப்பா உள்ளறைக்குப் போய், கன்டோன்மென்ட் பக்கம் உங்கள் உறவினர் யாரோ இருப்பதாகச் சொன்னீர்களே என்று கேட்டாராம். கேட்டது அவ்வளவுதான். சர்தார்ஜி எழுந்து, தலைப்பாகைத் துணியை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு, "விடியட்டும், போய்விடுகிறோம்" என்றாராம். விடிந்தபோது அம்மா கதவுக்குக் குறுக்கே நின்றுகொண்டாள். அவர்கள் போகவில்லை.

இந்த நூல்களையெல்லாம் படிக்கும்போது நான் தேடுவது அந்த இரண்டாம் நாள் இரவைத்தான். அப்பாவை நான் கோழை என்று எண்ணவில்லை. என் வீட்டுக் கதவு தட்டப்பட்டால் நான் திறப்பேனா என்பதே எனக்குத் தெரியாது. சாஹ்னியின் ராஜோவிடம் அந்த இரவின் ஒரு கீற்று கிடைத்தது. மீப் அம்மையாரின் உறங்காத இரவில் இன்னொன்று. இவ்வாண்டு மலருக்கு இக்கட்டுரையை எழுதத் தொடங்கியபோது, முதுமையால் தளர்ந்திருக்கும் அப்பாவிடம் அதைப் பற்றிக் கேட்டுவிடுவது என்று துணிந்து, "அந்த மூன்று நாளும் எப்படி இருந்தது அப்பா?" என்றேன். வெகுநேரம் பேசாதிருந்தார்.

"நம் வீட்டில் கோதுமை மாவு இல்லை. மூன்று நாளும் சாம்பார் சாதம்தான். அந்தப் பையன் ஒரு வார்த்தை சொல்லவில்லை" என்றார். பிறகு தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் விட எழுந்து போனார்.